வாள் சுழற்றியவரும் வண்ணம் தீட்டியவரும்



பள்ளி ஆண்டு மலரில் சினிமாவைப் பற்றி எழுதுவதா என்று நீங்கள் புருவம் உயர்த்துவது எங்களுக்குத் தெரிகிறது. எங்கள் வகுப்பிலேயே பாதிப் பேர் உயர்த்தினார்கள். ஆனால் இவ்வாண்டு விழாவன்று மேடையின் பின்புறம் தொங்கியதே ஒரு பெரிய திரை! யானைமலையும் வைகையும் நாரைக் கூட்டமுமாக விரிந்த அந்தப் படுதாவைப் பார்த்து எல்லோரும் கை தட்டினீர்கள் அல்லவா? அதை வரைந்தவர் எங்கள் தோழி ஒருத்தியின் தாத்தா. முப்பது ஆண்டுகளுக்கு மேல் மதுரைத் திரையரங்குகளுக்குப் பேனர் எழுதியவர்.

நான்கு நாள் அவர் பள்ளி அரங்கில் அமர்ந்து வரைந்தார். உணவு இடைவேளையில் நாங்கள் சுற்றி உட்கார்ந்துகொண்டோம். "தாத்தா, நீங்க முதல்ல வரைஞ்ச முகம் யாரோடது?" என்று கேட்டோம். "வேற யாரு? வாத்தியாரு முகந்தான்" என்றார். அருகில் நின்ற சிஸ்டர் ஒருவர் மகிழ்ந்து, "எந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஐயா?" என்று கேட்டுவிட்டார்! சிஸ்டர் கேரளத்திலிருந்து அண்மையில் வந்தவர், எம்.ஜி.ஆருக்கு ரசிகர்கள் வைத்த பெயர் அது என்று அவருக்கு எப்படித் தெரியும்? தாத்தா சிரிக்காமல், "எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும்மா" என்றார். சத்துணவைச் சொல்கிறார் என்று எங்களுக்குப் பிறகுதான் விளங்கியது.

அந்த நான்கு நாள் பேச்சிலிருந்தும், அதன் பின் நாங்கள் தேடிப் படித்ததிலிருந்தும் பிறந்ததே இக்கட்டுரை.

மதுரைக்கும் சினிமாவுக்கும் உள்ள உறவு நெடுநாளையது. 1937இல் வெளிவந்த 'சிந்தாமணி' ஈட்டித் தந்த பணத்தில் எழுந்த அரங்கிற்குச் சிந்தாமணி என்றே பெயர் சூட்டிய ஊர் இது. 1952இல் 'பராசக்தி'யோடு திறக்கப்பட்ட தங்கம் திரையரங்கில் இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் அமரலாம். ஆசியாவிலேயே பெரியது என்று ஊரார் பெருமை பேசினர். இன்று அவ்விரண்டும் இல்லை. தங்கம் நின்ற இடத்தில் ஜவுளிக்கடை நிற்கிறது.

இந்த ஊரில்தான் எம்.ஜி.ஆர். என்னும் வாள்வீச்சு வீரர் கொண்டாடப்பட்டார். 1956இல் 'மதுரை வீரன்' வந்தது. மீனாட்சியம்மன் கோவிலின் கிழக்குக் கோபுர வாயிலருகே மதுரை வீரனுக்கு ஒரு சந்நிதி உண்டு. சுற்றுப்புறச் சிற்றூர்களில் அவர் காவல் தெய்வம். அந்த வீரன் குதிரையேறி வந்து வாள் சுழற்றுவதை மக்கள் திரையில் கண்டபோது, தெய்வத்திற்கு ஒரு முகம் கிடைத்துவிட்டது. அது எம்.ஜி.ஆரின் முகமாயிற்று. இரண்டாண்டு கழித்து 1958இல் தம் சொத்தையெல்லாம் போட்டு 'நாடோடி மன்ன'னைத் தாமே தயாரித்து, இயக்கி, இரட்டை வேடத்திலும் நடித்தார். அதன் வெற்றி விழா மதுரையில் நடந்தபோது அவருக்குத் தங்க வாள் பரிசளிக்கப்பட்டது. படத்தில் ஏந்தியது அட்டை வாளோ தகர வாளோ, மதுரை மக்கள் தந்தது தங்க வாள்!

(இடையில் ஒரு சொல்: எதிரே நின்று அடி வாங்க நம்பியாரும் வீரப்பாவும் இல்லாவிட்டால் வாள் சுழற்றி என்ன பயன்? நம்பியாரோ நேர் வாழ்வில் மது தொடாதவர், ஆண்டுதோறும் சபரிமலை சென்ற பக்தர். திரையில் கண்டதை வைத்து ஒருவரை எடை போடக் கூடாது என்பதற்கு அவரைவிடச் சான்று வேண்டுமா?)

இனி ஓவியருக்கு வருவோம். தாத்தா பதின்மூன்று வயதில் பட்டறையில் சேர்ந்தார். முதலில் தூரிகை கழுவுதல், வண்ணப் பொடியை எண்ணெய் விட்டு அரைத்தல். பிறகு எழுத்து. அதன் பின் நடிகரின் காலும் உடையும். முகம் மட்டும் மாஸ்டருக்கே உரியது. எட்டாண்டு காத்திருந்து, 1974இல் 'உரிமைக்குரல்' வந்தபோதுதான் அவருக்கு முகம் கிடைத்ததாம்.

வேலை இப்படி: காடாத் துணியை ஒட்டித் தைத்து மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டுவார்கள். வச்சிரமும் வெள்ளைப் பொடியும் கலந்து பூசி உலர விடுவார்கள். உள்ளங்கை அளவுப் புகைப்படத்தின் மேல் கட்டம் போட்டு, அதே கட்டத்தைத் துணியில் பெரிதாகப் போட்டு, ஒவ்வொரு கட்டமாக உருவத்தைக் கொண்டுவருவார்கள். எங்கள் கணக்கு ஆசிரியை விகிதசமம் என்று நடத்துவதை அவர் நூல் கட்டியே செய்துவிடுகிறார்! அவர் எங்களுக்காக ஓர் அட்டையில் எம்.ஜி.ஆரின் கண்ணை மட்டும் வரைந்து காட்டினார். கிட்டே நின்று பார்த்தால் சிவப்பும் நீலமும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. "பின்னால போங்க, இன்னும் போங்க" என்றார். அரங்கின் கதவருகே போய்த் திரும்பிப் பார்த்தோம். அந்தத் திட்டுகள் ஒரு கண்ணாகி எங்களைப் பார்த்தன.

படம் ஓடி முடிந்ததும் அந்தத் துணியின் மேலேயே வெள்ளை பூசி அடுத்த நடிகரை எழுதுவார்களாம். ஆகவே அவர் வரைந்த நூற்றுக்கணக்கான முகங்களுள் ஒன்றுகூட இன்றில்லை. மும்பையில் இதே பேனர் தொழிலில் வயிறு வளர்த்த எம்.எஃப். உசேன் பின்னாளில் உலகப் புகழ் ஓவியரானார். மதுரைப் பட்டறைகளில் அத்தகையோர் எத்தனை பேர் இருந்தார்களோ, வெள்ளைப் பூச்சுக்கு அடியில் போய்விட்டது.

ரசிகர்களைப் பற்றி எங்களுக்குள் கடும் வாக்குவாதம் நடந்தது. சாரா டிக்கி என்னும் அமெரிக்க மானிடவியல் அறிஞர் 1980களில் மதுரையில் தங்கி, ஏழை மக்களும் சினிமாவும் என்று ஆய்ந்து 1993இல் நூல் வெளியிட்டார். மன்றங்களில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் உழைக்கும் வீட்டு இளைஞர்கள். கட்-அவுட்டுக்கு மாலை போடுவதோடு நில்லாமல், தங்கள் தெருவில் எளியோர்க்கு உதவுவதையும் கடமையாகக் கருதினார்கள் என்பது அதில் தெரிகிறது. பகலெல்லாம் மூட்டை தூக்குபவனுக்கு, பெயர்ப்பலகையில் 'செயலாளர்' என்று தன் பெயரைக் காணும் மகிழ்ச்சி வேறு எங்கே கிடைக்கும்? அவனை 'வெட்டிப் பயல்' என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. நாங்கள் அப்படிச் சொல்ல மாட்டோம்.

அவர்கள் அன்பு வீணாயிற்றா? 1977இல் எம்.ஜி.ஆர். முதலமைச்சரானார். 1980இல் மதுரை மேற்கு அவரைத் தேர்ந்தெடுத்தது. 1984இல் அவர் அமெரிக்காவில் மருத்துவமனையில் கிடந்தபோதே, அன்று மதுரை மாவட்டத்தில் இருந்த ஆண்டிபட்டி மக்கள் அவரை வெற்றி பெறச் செய்தார்கள். 1981இல் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு இவ்வூரில் நடந்தது. 1982இல் சத்துணவு வந்தது. 1984இல் கொடைக்கானலில் அன்னை தெரசாவின் பெயரால் மகளிர் பல்கலைக்கழகம் எழுந்தது. இவற்றையெல்லாம் அப்பத்தாமார் நன்றியோடு நினைக்கிறார்கள். ஆனால் திரையில் ஏழைக்காக வாள் எடுத்தவரின் ஆட்சி ஏழைக்குப் போதுமானதாக இருந்ததா என்று எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எழுதிய நூலில் கடுமையாகக் கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது என்று எண்ண வைக்கும் அன்புதான் எங்களை அச்சுறுத்துகிறது. 1987 டிசம்பர் 24இல் அவர் மறைந்தபோது தம் உயிரையே போக்கிக்கொண்டவர்கள் உண்டு. அவர்களுடைய பிள்ளைகளின் கதையை எந்தப் பேனரும் எழுதவில்லை.

இன்றைக்கு வருவோம். 2025 ஆகஸ்டில் மதுரையை அடுத்த பாரப்பத்தியில் விஜய் நடத்திய மாநாட்டிற்கு எங்கள் வகுப்பில் இருவரின் அண்ணன்மார் போனார்கள். வெயிலில் வாடி, செருப்பைத் தொலைத்து, நள்ளிரவில் திரும்பினார்கள். மறுநாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அடுத்த மாதம் 27ஆம் நாள் கரூரில் அவரைக் காணத் திரண்ட கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். அவர்களுள் பெண்களும் சிறு குழந்தைகளும் இருந்தனர். அதன் பிறகு அந்தச் சிரிப்பு எங்களுக்கு வரவில்லை. யார் பிழை என்று தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலையன்று. ஆனால் ஒரு முகத்தைப் பார்ப்பதற்காகப் பச்சைக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் காத்து நிற்கும் தாயை, "அறிவில்லாதவள்" என்று எங்களால் ஒதுக்கிவிட முடியவில்லை. அவள் எங்கள் அத்தையாக இருக்கலாம். அவளுக்குக் குடிக்கத் தண்ணீரும் வெளியேற வழியும் முன்கூட்டியே ஏற்பாடாகாத எந்தக் கூட்டமும், எவர் கூட்டமாயினும், கூடவே கூடாது என்பது எங்கள் கருத்து.

கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அந்தப் பாலைக் குழந்தைகள் இல்லத்திற்குக் கொடுங்கள்.

ஆனால் எங்களை உறுத்தும் வேறொன்று உண்டு. மன்றங்களில் பெண்கள் எங்கே? எம்.ஜி.ஆரை வாழ்வித்தவர்கள் தாய்மார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் மன்றப் பலகையில் அவர்கள் பெயர் இல்லை. வாடிப்பட்டிப் பக்கத்தில் வளர்ந்த ஓர் அப்பத்தாவிடம் கேட்டோம். டூரிங் டாக்கீஸில் குட்டைச் சுவர் வைத்துப் பெண்கள் பக்கத்தைப் பிரித்திருப்பார்களாம். மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்ப்பாராம். "எங்களுக்கு ஏதுத்தா மன்றம்? கைதட்டுனாக்கூட ஆத்தா தொடையில கிள்ளும். மனசுக்குள்ள வச்சுக்கிறதுதான்" என்றார். இன்றும் நிலை பெரிதாக மாறவில்லை. அண்ணன் முதல் காட்சிக்குப் போனால் 'வயசு' என்பார்கள். நாங்கள் நோட்டு அட்டையில் ஒரு நடிகர் படத்தை ஒட்டினால் வீட்டில் விசாரணைக் கமிஷன்! பெற்றோர்களே, விசாரிப்பதானால் இருவரையும் விசாரியுங்கள்.

தாத்தாவின் தொழில் 2000ஆம் ஆண்டை ஒட்டி ஃபிளெக்ஸ் வந்ததும் முடிந்தது. பத்து நாள் வேலையை இயந்திரம் ஒரு மணி நேரத்தில் அச்சடித்துத் தள்ளியது. பட்டறை மூடியது, அவர் பள்ளிச் சுவர்களிலும் கடைப் பலகைகளிலும் எழுத்து வேலை செய்து பிழைத்தார். ஃபிளெக்ஸ் மக்குவதில்லை, சாலையோரம் அது சாய்ந்தால் என்ன ஆகும் என்பதை 2019இல் சென்னைப் பள்ளிக்கரணையில் ஓர் இளம்பெண்ணின் உயிர் கொடுத்துத் தமிழ்நாடு அறிந்தது. அப்படியிருந்தும் திருமணம், காதுகுத்து, பிறந்தநாள், ஏன், பள்ளி விழாவுக்கும் அதுவேதான்.

வேலை முடிந்த அன்று ஒன்று நடந்தது. பொன்னாடையும் ஒரு தட்டுப் பழமும் கொடுத்து அவரைச் சிறப்பிப்பது என்று நாங்கள் முடிவு செய்திருந்தோம். அவர் பொன்னாடையை வாங்கி மடித்து வைத்துவிட்டு, "கூலி எவ்வளவும்மா?" என்றார். நாங்கள் விழித்தோம். பேத்தியின் பள்ளி என்பதால் சும்மா செய்வார் என்று நினைத்துவிட்டோம். "நடிகருக்குத் தங்க வாள் குடுத்தாங்க, சரி. எங்களுக்குச் சதுர அடிக் கணக்குதான். அதையும் விட்டுட்டா இது வேலைன்னு யாரு மதிப்பா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தலைமைச் சகோதரி உடனே கணக்குப் பார்க்கச் சொல்லி, முழுக் கூலியும் கொடுத்தார். எங்களுக்குத்தான் வெட்கமாகிவிட்டது.

வரும் ஆண்டு விழாவிற்கும் ஃபிளெக்ஸ் வேண்டாம், கையால் எழுதிய துணியே வேண்டும் என்று மாணவியர் மன்றத்தில் தீர்மானம் போட்டுக் கொடுத்திருக்கிறோம். எங்களுள் மூவர் விடுமுறையில் அவரிடம் கட்டம் போடக் கற்றுக்கொள்ளப் போகிறோம். முகம் வரைய எட்டாண்டு ஆகுமாம். தீர்மானத்தை வாங்கிக்கொண்ட தலைமைச் சகோதரி, "பார்க்கலாம்" என்றிருக்கிறார். படுதா இப்போது மேடையறையில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. விரித்துப் பார்ப்பவர்கள் வலப்பக்கக் கீழ் மூலையில், நாரைகளின் காலடியில் பாருங்கள். எங்களிடம் அனுமதி கேட்டு, மிகச் சிறிய எழுத்தில் அவர் தம் பெயரை எழுதியிருக்கிறார்.