லேபிளைக் கிழித்த பையன்

எட்டாம் வகுப்பு படிக்கும் மகன், தான் தன்பாலீர்ப்பு உள்ளவன் என்று வீட்டில் சொல்கிறான். அப்பா கை ஓங்கவில்லை. அம்மா தலையில் அடித்துக்கொள்ளவில்லை. விருந்து வைக்கிறார்கள். இத்தகைய பிள்ளைகளின் பெற்றோருக்கான சங்கத்தின் உள்ளூர்க் கிளைக்கு அம்மா தலைவியாகவே ஆகிவிடுகிறார். இதற்குமேல் ஒரு பிள்ளைக்கு என்ன வேண்டும்?

வேண்டியிருக்கிறது என்கிறார் அமெரிக்க எழுத்தாளர் பில் கோனிக்ஸ்பெர்க். பதின்வயதினருக்காக அவர் எழுதி 2013இல் வெளிவந்த 'ஓப்பன்லி ஸ்ட்ரெய்ட்' நாவலின் நாயகன் ரேஃப், கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரத்துப் பையன். அவன் மனக்குறை விசித்திரமானது. ஊரே அவனை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் ஏற்றுக்கொண்டது அவனையா, அவன்மீது ஒட்டியிருக்கும் லேபிளையா? எழுதினாலும் விளையாடினாலும் அவன் 'அந்தப் பையன்'தான். போதாததற்கு, பள்ளிகளுக்குப் போய் சகிப்புத்தன்மை பற்றிப் பேசும் பொறுப்பு வேறு.

சலித்துப்போன ரேஃப், நாட்டின் மறுகோடியில் மாசசூசெட்ஸில் ஆண்கள் மட்டும் படிக்கும் ஓர் உறைவிடப் பள்ளியில் சேர்கிறான். அங்கே யாரிடமும் எதையும் சொல்லப்போவதில்லை. அது பொய்யல்ல, வெறும் மௌனம்தான் என்பது அவன் கட்சி.

முதலில் எல்லாம் சுகமாகத்தான் இருக்கிறது. கால்பந்துக் குழுவில் அவனும் ஒருவன். உடைமாற்றும் அறையில் அவனைக் கண்டு யாரும் பேச்சை மாற்றுவதில்லை. ஆனால் மௌனத்துக்கும் பராமரிப்புச் செலவு உண்டு. ஊரில் உள்ள நெருங்கிய தோழி திடீரென்று 'முன்னாள் காதலி' ஆகிறாள். பெற்றோரும் வாய்மூடி இருக்க வேண்டியதாகிறது.

இந்த நிலையில்தான் வருகிறான் பென். விவசாயக் குடும்பத்துப் பையன், படிப்பாளி, கூச்சசுபாவி. நட்பு வளர்ந்து காதலின் விளிம்பைத் தொடுகிறது. தனக்கு என்ன நேர்கிறது என்று புரியாமல் தவிக்கும் பென், அந்தத் தவிப்பை மறைக்காமல் நண்பனிடம் கொட்டுகிறான். அதே பாதையை முன்பே கடந்துவந்த நண்பனோ வாய் திறப்பதில்லை. உண்மை வெளிப்படும்போது பென்னைச் சுடுவது ரேஃபின் பாலீர்ப்பு அல்ல. இருட்டில் தன்னைத் தனியாகத் தடவிநடக்க விட்டு, விளக்கைக் கையில் வைத்துக்கொண்டே உடன் நடந்தானே என்பதுதான்.

நாவலின் மையம் இதுதான். லேபிள் வேண்டாம் என்று சொல்ல எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் மறைப்பு என்பது லேபிள் இல்லாமல் இருப்பதல்ல. வேறொரு லேபிளை ஒட்டிக்கொள்வது. எதுவும் சொல்லாதவனை உலகம் 'பெண்களை விரும்புபவன்' என்று தானாகவே எழுதிக்கொள்கிறது.

கோனிக்ஸ்பெர்க் இதை அனுபவத்தில் அறிந்தவர். விளையாட்டுச் செய்தியாளராக இருந்த அவர், 2001இல் இஎஸ்பிஎன் இணையதளத்தில் தன்னைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். இந்த நாவலில் குறைகள் இல்லாமலில்லை. பெற்றோர் சில இடங்களில் கேலிச்சித்திரங்கள் ஆகிவிடுகிறார்கள். ஆனால் உபதேசம் இல்லாமல், சிரிக்கவைத்தே சங்கடமான கேள்வியைக் கேட்கிறார். 2017இல் வந்த தொடர்ச்சி நாவலான 'ஆனஸ்ட்லி பென்' அதே கதையை பென்னின் பக்கமிருந்து தொடர்கிறது. ரேஃபை நேசிக்கும் அவனுக்குப் பெண்கள்மீதும் ஈர்ப்பு வருகிறது. எந்த லேபிளும் அளவாகப் பொருந்துவதில்லை.

லேபிள் அதிகமாகிப்போன ஊரின் கதை இது. தமிழில் நிலைமை நேரெதிர். நெடுங்காலம் பொதுப் பேச்சில் இருந்தவை பெரும்பாலும் வசைச்சொற்களே. தன்பாலின உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. சென்னை உயர் நீதிமன்றம் எடுத்த முயற்சியின் தொடர்ச்சியாக, மரியாதையான சொற்களின் பட்டியலை 2022இல் தமிழக அரசு வெளியிட்டது. ரேஃபுக்குச் சலித்துப்போன பொருள் இங்கே இப்போதுதான் கைக்குக் கிடைத்திருக்கிறது. பெயரே இல்லாதவனிடம் போய்ப் பெயர் பாரம் என்று சொல்ல முடியாது.

ஆனாலும் ரேஃபின் புகாரை இப்போதே காதில் போட்டுக்கொள்வது நல்லது. என்றாவது ஒரு பிள்ளை நம்மிடம் வந்து அந்தச் சொல்லைச் சொல்லக்கூடும். திட்டாமல் கேட்டுவிட்டாலே பாதிக் கடமை முடிந்தது. மீதிப் பாதி, மறுநாள் காலையில் அவனிடம் வழக்கம்போல், கணக்குப் பரீட்சை எப்படி எழுதினாய் என்று கேட்பது.