அம்மாவிடம் சொல்லாததை யாரிடம் சொல்கிறோம்?

போன செமஸ்டர்ல என் ரூம்மேட் ராத்திரி ரெண்டு மணிக்கு "அரியர் இருந்தா வேலை கிடைக்குமா", "தூக்கம் வராம இருக்க என்ன காரணம்"னு தேடிக்கிட்டு இருந்தான். ரெண்டு நாள் கழிச்சு செமினார்ல அவன் லேப்டாப்பை புரொஜெக்டர்ல போட்டா, பக்க ஓரத்துல மனநல ஆலோசனை விளம்பரம். கிளாஸே சிரிச்சுது. அவன் சிரிக்கல.

"மறைக்க என்கிட்ட என்ன இருக்கு?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். அம்மாவிடமும் சொல்லாததைத்தான் தேடுபெட்டியில் தட்டுகிறோம். இன்காக்னிட்டோ போதும் என்பதும் தப்பு. அது நம்ம மெஷினில் ஹிஸ்டரியை வைக்காது, அவ்வளவுதான்.

மாற்று இருக்கு. 2008ல் வந்த டக்டக்கோ, தேடலை வைத்து நம்மைப் பற்றி ப்ரொஃபைல் போடுவதில்லை என்கிறது. ரிசல்ட் பெரும்பாலும் பிங்கிலிருந்து. நெதர்லாந்தின் ஸ்டார்ட்பேஜ், கூகுள் ரிசல்ட்டையே நம் ஐபி முகவரியைக் கொடுக்காமல் வாங்கித் தரும். பிரேவ் சர்ச்சுக்குச் சொந்த இண்டெக்ஸ் உண்டு. இவையும் விளம்பரத்தில் சம்பாதிப்பவைதான். ஆனால் விளம்பரம் தேடிய சொல்லுக்கு வரும், தேடிய ஆளுக்கு அல்ல.

குறையும் உண்டு. தமிழில் தேடவும், பக்கத்துக் கடையைத் தேடவும் எனக்கு இன்னும் கூகுள்தான் கைகொடுக்குது. அதுக்கு மட்டும் அங்க போங்க, டீஃபால்ட்டை மாத்துங்க. சஃபாரியில் டீஃபால்ட்டாக இருக்க 2022ல் மட்டும் ஆப்பிளுக்கு கூகுள் கொடுத்தது 2,000 கோடி டாலர். அந்த ஒரு செட்டிங்குக்கு அவ்வளவு விலைன்னா, அதை மாத்த நமக்கு ஆகும் ஒரு நிமிஷம் வீண் இல்லை.