உப்பளத்து ஓரம் மனை வாங்கப் போகிறீர்களா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைக் கடக்கும்போது வெள்ளை வெளேரென்ற உப்புக் குவியல்களைப் பார்த்திருப்பீர்கள். சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கடலோர மனை என்றால் ஆசை வராதா? ரியாத்திலும் துபையிலும் பத்து வருடம் வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தை ஒரே வாரத்தில் அச்சாரமாக நீட்டி விடுகிறார்கள் நம் இளைஞர்கள். தராசில் பத்து கிராம் குறைந்தால் சண்டைக்கு நிற்கும் நம் வியாபாரிகளும் நிலம் என்று வந்துவிட்டால், "தரகர் நம்ம ஜமாஅத் ஆள்தானே!" என்று கண்ணை மூடிக் கொள்கிறார்கள். கடனுக்கே எழுத்தும் சாட்சியும் கேட்கும் மார்க்கம் அல்லவா நம்முடையது?

உப்பள நிலத்தில் முதல் கேள்வி, இது யாருடையது என்பதே. அரசு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உப்பு விளைவிப்பவர் எத்தனை தலைமுறை பாத்தி கட்டியிருந்தாலும் அதை விற்க முடியாது. வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டில் அந்த சர்வே எண் பட்டா நிலமா, புறம்போக்கா என்று பாருங்கள். பிறகு கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி. 1991ல் வந்தது, 2019ல் திருத்தி எழுதப்பட்டது. கடல் கண்ணில் படாத மனைதானே என்று நினைக்காதீர்கள். அலை ஏறி இறங்கும் கழி, கால்வாய் ஓரங்களையும் அது கட்டுப்படுத்தும். பக்கத்துக் கழுவெளி ஏரியோ 2021 முதல் பறவைகள் சரணாலயம்.

இன்னொன்று, நம் வீட்டுக் குறை. விற்பவர் முஸ்லிமாக இருந்து, அது தகப்பன் சொத்தாக இருந்தால், அவருடைய சகோதரிகள் கையெழுத்துப் போட்டார்களா? 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விட்டுவிட்டது உண்மை. ஆனால் சென்னை மாகாணம் 1949லேயே அதைத் திருத்தி விவசாய நிலத்தையும் சேர்த்துவிட்டது. எனவே நஞ்சையிலும் புஞ்சையிலும் பெண்மக்களுக்குப் பங்கு உண்டு. அண்ணன் தம்பிகள் மட்டும் எழுதிக் கொடுத்த கிரயத்தில் அக்காவின் பங்கு உங்களுக்கு வந்து சேராது. நாளை அவர் பிள்ளைகள் நீதிமன்றம் போனால் யார் பக்கம் நியாயம்? "சீர் செய்தாச்சு, நகை போட்டாச்சு" என்பது பத்திரம் ஆகாது! வாரிசுச் சான்றைக் கேளுங்கள். அதில் உள்ள எல்லோரும் கையெழுத்திடட்டும்.

வக்ஃப் நிலத்தை முத்தவல்லியே விற்றாலும் செல்லாது. 1892 அரசாணையின்படி கொடுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தையும் தொடாதீர்கள். அதை மீட்கத்தான் 1994ல் செங்கல்பட்டுப் பக்கம் காரணையில் போராடினார்கள். துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிர் போனது. அடுத்தவர் உரிமையில் நமக்கு வீடு எதற்கு?

பவர் பத்திரம் மட்டும் கையில் இருந்தால் நிலம் உங்களுடையது ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011லேயே சொல்லிவிட்டது. மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் சொந்தமாக ஒரு வக்கீலிடம் காட்டுங்கள், தரகர் கூட்டி வரும் வக்கீலிடம் அல்ல. அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவுக்குப் பதிவே 2016ல் நிறுத்தப்பட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இடத்தைப் பார்க்கச் சித்திரை வெயிலில் போகாதீர்கள். அப்போது எல்லா நிலமும் மேடுதான். 2024 நவம்பர் 30ல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மரக்காணம் உப்பளங்கள் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தன. கார்த்திகையில் ஒரு நாள், மழை விட்ட மறுநாள் போய்ப் பாருங்கள். பக்கத்துக் கிணற்றில் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்துப் பாருங்கள். அச்சாரம் அதற்குப் பிறகு கொடுக்கலாம்.