வக்கீல் ஆபீஸில் வேலையா? சம்பளத்தை முதலில் பேசுங்கள்!

பிள்ளை ஸ்கூலுக்குப் போக ஆரம்பித்ததும், கற்ற டைப்பிங்கை வீணாக்குவானேன் என்று வக்கீல் ஆபீஸ் வேலைக்குக் கிளம்பும் சகோதரிகள் பலர். நல்ல யோசனைதான். ஆனால், "தெரிஞ்சவர் ஆபீஸாச்சே, சம்பளத்தைப் பத்தி எப்படிக் கேக்கறது?" என்று கூச்சப்படாதீர்கள்.

காரணம் இருக்கிறது. கேரளத்தில் வக்கீல் நிறுவன ஊழியர் ஒருவர் தொடுத்த வழக்கில், வக்கீல் ஆபீஸ் அந்த மாநிலக் கடைகள் சட்டம் சொல்லும் வணிக நிறுவனம் ஆகாது என்று 1984-ல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொல்லிவிட்டது. பி.எஃப். கட்டாயம் என்பதும் 20 பேராவது வேலை செய்யும் இடத்தில்தான். சின்ன ஆபீஸில் நாம் பேசி வாங்குவதுதான் சம்பளம்!

இன்னொன்று. கோர்ட்டுக்கு அலையும் குமாஸ்தாவுக்குக் கட்சிக்காரர் தரும் குமாஸ்தா ஃபீஸ் தனியாக வரும். உள்ளே உட்கார்ந்து மனு அடிக்கும் நமக்கோ மாதச் சம்பளம் மட்டுந்தான்.

அதனால் சேருமுன் கேளுங்கள்: மே மாதக் கோர்ட் விடுமுறையில் சம்பளம் உண்டா? சாயங்காலம் கட்சிக்காரர்கள் வந்தால் எத்தனை மணிக்கு வீடு திரும்பலாம்? அதற்குத் தனிப் பணம் உண்டா? குழந்தைக்குக் காய்ச்சல் என்று லீவு போட்டால் பிடித்தம் எவ்வளவு? வருஷா வருஷம் எவ்வளவு கூடும்?

டைப்பிங் ஹையர், சுருக்கெழுத்து, இ-ஃபைலிங் தெரிந்திருந்தால் அதைச் சொல்லியே கூடுதலாகக் கேளுங்கள். பேசி முடித்ததை எழுதி வாங்குங்கள். சம்பளத்தை பாங்க்கில் போடச் சொல்லுங்கள். ஊருக்கெல்லாம் "எழுதி வாங்கிக்கோ" என்று சொல்பவர் வக்கீல். அவர் ஆபீஸில் நமக்கு மட்டும் வாய்ப்பேச்சு போதுமா, என்ன?