எந்த நோய்க்கு எந்த ஆஸ்பத்திரி?

சாதாரணக் காய்ச்சல். உடனே பஸ் ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். அங்கே நீண்ட வரிசை! ஒரு நாள் கூலி போய்விடுகிறது.

தமிழ்நாட்டில் அரசு ஆஸ்பத்திரிகள் படிப்படியாக அமைந்துள்ளன. முதல் படி, ஆரம்ப சுகாதார நிலையம். சமவெளியில் 30 ஆயிரம் பேருக்கு ஒன்று என்பது கணக்கு. காய்ச்சல், தடுப்பூசி, சுகப்பிரசவம் எல்லாம் இங்கேயே பார்க்கலாம். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளும் இலவசம்.

அடுத்தது தாலுகா ஆஸ்பத்திரி. அதற்கு மேல் மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி. உச்சியில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. இருதயம், மூளை போன்றவற்றுக்குப் பெரிய சிகிச்சை நடக்கும் இடம் அது.

சளிக்கும் இருமலுக்கும் அங்கே கூட்டம் கூடினால் என்ன ஆகும்? ஒருவரைப் பார்க்க டாக்டருக்குக் கிடைக்கும் நேரம் குறையும். பெரிய நோய் கண்ணில் படாமல் போகலாம்.

ஆனால் மார்வலி, விபத்து என்றால் படி பார்க்கக்கூடாது. உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும்!