ஆறும் ஆறு பருவமும்

தாகசு ஆற்றின் கழிமுகத்தில் வெயில் காயும் லிஸ்பன் தலைநகரைப் பருவந்தோறும் கண்டு மகிழப் பயணியர் பலர் விரும்புகின்றனர். 1497இல் வாஸ்கோடகாமா புறப்பட்ட நகர் அது. நம் தலைநகரும் ஆற்றுமுக நகரமே. ஆயினும், திருவான்மியூரில் வாழும் நாம், மேற்கே பக்கிங்காம் கால்வாயையும் வடக்கே அடையாற்றையும் எத்துணை முறை நின்று நோக்கியிருக்கிறோம்? 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றுக்கு அஞ்சினோம். 2019 கோடையில் குடங்களோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தோம். இடைப்பட்ட நாள்களில் ஆற்றை மறந்தோம்.

கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆண்டை ஆறாகப் பகுத்தனர் நம் முன்னோர். தேர்வுக்காக அவற்றை மனனம் செய்யும் மாணவர், பருவத்திற்கொரு முறையேனும் அடையாற்றங்கரை சென்று, நீரின் நிறத்தையும் நாற்றத்தையும் பறவைகளின் வரவையும் குறித்து வருதல் வேண்டும். கண்டறியாத ஆற்றைக் காக்க எவரும் முன்வாரார் என்பதே நம் கருத்து.