பால்குழி இல்லாத தீமிதி

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு புத்தகத்தால் எனக்கு மூன்று டீயும் ஆறு வடையும் செலவு. அதுகூடப் பரவாயில்லை. பத்து வருஷப் பழக்கம் ஒன்று, டீ கிளாஸோடு சேர்ந்து உடையப் பார்த்தது.

இடம்: வில்லியனூர் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து டீக்கடை.

வாதி: வில்லியனூர் அண்ணன். வயது நாற்பத்தைந்து. அரசாங்க உத்தியோகம். வீட்டுப் பரணில் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ். பீரோ சாவியை அண்ணியிடம் கொடுத்துவிட்ட மனிதர், டிரங்குப் பெட்டிச் சாவியை மட்டும் அரைஞாண் கயிற்றில் வைத்திருக்கிறார்.

பிரதிவாதி: பாகூர் தம்பி. வயது இருபத்தாறு. புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் வேலை. முதல் மாதச் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை எடுத்ததோடு சரி. இரண்டாம் மாதத்திலிருந்து ஜப்பானியப் படக்கதைகளாக வாங்கித் தள்ளுகிறான்.

நீதிபதி: வேறு வழியில்லாமல் நான். புத்தகத்தைத் தம்பியிடம் இரவல் வாங்கி அண்ணனிடம் தள்ளிவிட்ட புண்ணியவான் நான்தானே!

புத்தகத்தின் பெயர் ‘ஃபயர் பஞ்ச்’. ஜப்பானிய மாங்கா. (உடனே உப்பும் மிளகாய்த்தூளும் தேடாதீர்கள். ஜப்பானில் படக்கதைக்கு அதுதான் பெயர்.) எழுதி, வரைந்தவர் தத்சுகி ஃபுஜிமோட்டோ. 2016 ஏப்ரலில் ‘ஷோனென் ஜம்ப் பிளஸ்’ என்ற ஜப்பானிய இணைய இதழில் இதைத் தொடங்கியபோது அவருக்கு வயது 23. அந்த வயதில் அடியேன் பி.காம். அரியர் எழுதிக்கொண்டிருந்தேன். 2018 ஜனவரியில் கதை முடிந்தது. மொத்தம் 83 அத்தியாயம், 8 புத்தகம். ஆங்கிலத்திலும் எட்டும் வந்துவிட்டன.

கதை இதுதான். உலகம் பனியில் உறைந்துபோய்விட்டது. சோறு இல்லை, விறகு இல்லை, நியாயம் சுத்தமாக இல்லை. சிலருக்கு மட்டும் பிறவியிலேயே ஏதோ ஒரு சக்தி. ஹீரோவுக்கு, வெட்ட வெட்ட வளரும் உடம்பு. பெயர் என்ன தெரியுமா? அக்னி! சாட்சாத் நம்ம ஊர் அக்னியேதான். ஒரே தங்கை, லூனா. ஊர் பட்டினி கிடப்பதைப் பார்க்கச் சகிக்காமல், தன் கையை வெட்டி வெட்டி ஊருக்குச் சாப்பாடாகக் கொடுக்கிறான். சிபிச் சக்கரவர்த்தி ஒரு நாள் செய்ததை இவன் தினசரி டூட்டியாகச் செய்கிறான்.

அந்த ஊருக்கு டோமா என்ற படைவீரன் வருகிறான். அவன் வைக்கும் தீ, பற்றிய பொருள் சாம்பலாகும் வரை அணையாது. வீடுகளில் மனித மாமிசத்தைப் பார்த்தவன், ‘இது ராட்சசர்கள் ஊர்’ என்று முடிவு கட்டிக் கொளுத்திவிட்டுப் போகிறான். ஊர் சாம்பல். தங்கையும் சாம்பல். அக்னி மட்டும் சாகவில்லை. எரிய எரிய வளர்கிறது, வளர வளர எரிகிறது. எட்டு வருஷம்! அந்த வலியோடு எழுந்து நிற்கப் பழகி, நடக்கப் பழகி, டோமாவைத் தேடிப் புறப்படுகிறான்.

இதுவரைக்கும் சண்டை இல்லை. அண்ணனும் தம்பியும் ஒரே தட்டில் வடை சாப்பிட்டார்கள். தட்டு பிரிந்தது இதற்கப்புறம்தான்.

“இன்னாபா கதை இது?” என்று ஆரம்பித்தார் அண்ணன். “நரமாமிசம், அடிமை, பொம்பளைங்களுக்கு நடக்கிற கொடுமை... சாப்பிட்டுட்டுப் படிச்சது என் தப்பு. சரி, சீரியஸ் கதைன்னு மனசைத் திடப்படுத்திக்கிட்டா, நடுவுல ஒரு சினிமாப் பைத்தியம் கேமராவைத் தூக்கிக்கிட்டு வருது. ‘நீ பழிவாங்கறதை நான் படமா எடுக்கறேன்’னு எரியறவன்கிட்டயே டைரக்‌ஷன் சொல்லுது. அழுவுறதா, சிரிக்கிறதா?”

“ரெண்டும்தாண்ணே” என்றான் தம்பி. “ஒருத்தன் உடம்பெல்லாம் எரிஞ்சுக்கிட்டு நிக்கிறான். நாம உச்சுக் கொட்டிட்டு, ‘அடுத்த ஃபைட்டு எப்ப?’ன்னு பக்கத்தைத் திருப்பறோம். அந்தக் கேமராப் பைத்தியம் வேற யாரும் இல்ல, நாமதான்.”

அண்ணன் கொஞ்சம் தடுமாறினார். ஆனால் அவருடைய உண்மையான வழக்கு அது இல்லை. சுமார் பாதிக் கதை தாண்டியதும் அக்னி டோமாவைக் கண்டுபிடித்துவிடுகிறான். கண்டுபிடித்தால், அங்கே இருப்பது பழைய டோமா இல்லை. படையை விட்டு விலகி, அநாதைக் குழந்தைகளை வளர்த்துக்கொண்டு, செய்த பாவத்தை நினைத்துக் குமைகிற ஒரு மனுஷன். அக்னி ஒரு நிமிஷம் விட்டுவிடலாம் என்றுதான் நினைக்கிறான். முடியவில்லை. டோமா சாகிறான். அந்தத் தீயில் குழந்தைகளும் போகின்றன. காப்பாற்ற ஓடுகிறான், கை எரிகிற கை. எதைத் தொட்டுக் காப்பாற்றுவது? தன் ஊரைக் கொளுத்தியவன் செய்ததையே தானும் செய்து முடித்துவிட்டு நிற்கிறான்.

“அங்க மூடி வெச்சவன்தான். தொடல” என்றார் அண்ணன். “அஞ்சு புஸ்தகமா ஒரு வில்லனைத் தேட வெச்சுட்டு, கடைசியில வில்லனே இல்லன்னா என்னா அர்த்தம்? திருந்தினவனைக் கொல்றதுக்கா நான் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கண்ணு முழிச்சேன்?”

“உங்க இரும்புக்கை மாயாவி மட்டும் முதல்ல யோக்கியனாண்ணே?” என்றான் தம்பி.

டீக்கடை பெஞ்ச் ஒரு கணம் ஸ்தம்பித்தது. அண்ணன் எதிரில் மாயாவியைத் தொடுவது, கோயில் வாசலில் செருப்போடு நிற்பது மாதிரி.

தம்பி சொன்னது நிஜம். 1972-ல் முத்து காமிக்ஸ் தமிழுக்குக் கொண்டுவந்த மாயாவி, ஆங்கில மூலத்தில் கண்ணுக்குத் தெரியாத உடம்போடு முதலில் கொள்ளையடிக்கத்தான் கிளம்பினார். உளவாளியாகி நாட்டைக் காப்பாற்றியதெல்லாம் பிற்பாடு. லயன் காமிக்ஸ் புகழ் ஸ்பைடரும் ஆரம்பத்தில் குற்றச் சக்கரவர்த்திதான்.

“மாயாவி திருந்தினா கைதட்டுவீங்க, டோமா திருந்தினா புஸ்தகத்தை மூடுவீங்களா?” என்று கேட்டுவிட்டு, பாகூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டான் பையன். பில் எனக்கு.

* * *

இந்தப் புத்தகத்துக்கு உலகம் முழுக்கவே இப்படி இரண்டு கட்சி. ‘இதுதான் நிஜமான கதை’ என்பார் ஒருவர். ‘பாதிக்கு மேல் கதை கையை விட்டுப் போய்விட்டது’ என்பார் இன்னொருவர். பி.காம். படித்த புத்திக்கு எனக்குத் தோன்றுவது இதுதான். பழிவாங்கும் கதை படிக்கிற எல்லோரும் ஐந்தொகை பார்க்க வந்தவர்கள். முதல் பக்கத்தில் பற்று எழுதியாயிற்று. கடைசிப் பக்கத்தில் வரவு எழுதி, இரண்டு பக்கமும் சமமாகி, கீழே இரட்டைக்கோடு போட வேண்டும். நம் சினிமா ஐம்பது வருஷமாக அந்த இரட்டைக்கோட்டைத்தான் போட்டுக்கொடுக்கிறது. ஃபுஜிமோட்டோ போட மறுக்கிறார். வித்தியாசத் தொகையை அனாமத்துக் கணக்கில் தள்ளிவிட்டு, நோட்டை வாசகனிடமே நீட்டுகிறார். தம்பிக்கு அது பிடித்திருக்கிறது. அண்ணனுக்குப் பிடிக்கவில்லை.

ஏன் பிடிக்கவில்லை என்பது, அவரை வீடு வரைக்கும் கொண்டுபோய் விடும்போதுதான் தெரிந்தது.

“பதினாலு வருஷம் பா” என்றார் திடீரென்று. “சித்தப்பாவோட வரப்புத் தகராறு. கோர்ட்டு, வாய்தா, வக்கீல் பீஸு. காலையில பல்லு விளக்கும்போதே அவரு மூஞ்சிதான் கண்ணு முன்னால நிக்கும். ‘ஜெயிச்சுட்டு அவரு வாசல்ல நின்னு ஒரு வார்த்தை கேக்கணும்’னு மனசுக்குள்ள வசனமே எழுதி வெச்சிருந்தேன்.”

“ஜெயிச்சீங்களே?”

“ஜெயிச்சேன். ஸ்வீட்டு வாங்கிக்கிட்டு, வேணும்னே அவரு வீட்டு வழியா போனேன். திண்ணையில உக்காந்திருந்தாரு. நெனப்பு தப்பிப் போயிருந்தது, எனக்குத் தெரியாது. என்னைப் பார்த்து, ‘யாரு, அண்ணன் மகனா? வாப்பா, சாப்ட்டியா?’ன்னாரு.”

கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தோம்.

“நான் தேடிக்கிட்டிருந்த ஆளு அங்க இல்ல பா. வசனத்தை யார்கிட்ட சொல்றது? மூணாம் மாசம் செத்துப்போனாரு. சாவுக்குக்கூடப் போகல நான்.”

இதற்கு நான் என்ன சொல்ல? ‘விடுங்கண்ணே’ என்று சொல்லலாம். அதைப் போல உபயோகமில்லாத வார்த்தை தமிழில் இன்னொன்று இல்லை. அதனால், “படுகளம் பார்த்திருக்கீங்களாண்ணே?” என்று கேட்டேன்.

“பார்க்காம? துரியோதனன் காலடியில உக்காந்து பார்த்தவன் நான்!”

வில்லியனூர், பாகூர் பக்கத்து ஆட்களிடம் இதை விளக்க வேண்டியதில்லை. மற்ற ஊர்க்காரர்களுக்காக: எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் நாள் கணக்கில் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்வார். ராத்திரி தெருக்கூத்து. கடைசியில் பதினெட்டாம் போர் விடிய விடிய ஆடி, காலையில் படுகளம். திடலில் களிமண்ணால் துரியோதனனை மல்லாக்கப் படுக்க வைத்திருப்பார்கள், பனைமர நீளத்துக்கு. பீமன் தொடையில் அடிப்பான். திரௌபதி, சபதம் போட்டு அவிழ்த்துவிட்ட கூந்தலை ரத்தம் தொட்டு முடிப்பாள். கணக்கு நேர். இரட்டைக்கோடு.

நம் சினிமாவாக இருந்தால் இங்கே ‘வணக்கம்’ போட்டு லைட்டைப் போட்டுவிடுவார்கள். கூத்து போடாது. நான் சிறுவயதில் பார்த்த படுகளத்தில், அடுத்து காந்தாரி வருவாள். மகன் பக்கத்தில் விழுந்து மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பாள். கட்டியிருப்பது ஆண் வேஷக்காரர் என்று எல்லோருக்கும் தெரியும்; காலையில் நம் கடையில்தான் பீடி வாங்கியிருப்பார். ஆனாலும் ஊர்ப் பெண்கள் கூட உட்கார்ந்து அழுவார்கள். ராத்திரி முழுக்க ‘அடி, விடாதே!’ என்று பீமனுக்குக் குரல் கொடுத்த கிழவிகள், காலையில் துரியோதனனுக்கு மூக்கைச் சிந்துவார்கள். கெட்டவன்தான். செத்தது நியாயம்தான். ஆனாலும் ஒருத்தி பெற்ற பிள்ளை. அழ ஆள் வேண்டாமா?

பாரதமும் சபதம் முடிந்ததோடு நிற்கவில்லை. வில்லிபாரதத்தின் கடைசிப் பருவம் சௌப்திக பருவம்: அசுவத்தாமன் தன் அப்பாவுக்குப் பழிவாங்கப் பாசறைக்குள் ராத்திரியில் புகுந்து, திரௌபதியின் ஐந்து பிள்ளைகளையும் கொன்றுவிட்டுப் போகிறான். பழி திரும்பி வந்து குழந்தைகளைத்தான் எடுக்கும் என்பது ஃபுஜிமோட்டோ கண்டுபிடித்ததில்லை.

ஆனால் கூத்து நம்மை அங்கேயே விட்டுவிட்டுப் போகாது. அன்றைக்குச் சாயங்காலம் தீமிதி. தணலில் நடந்து வருகிறவன் இறங்குவதற்கு, குழியின் கடைசியில் சின்னதாக ஒரு பால்குழி இருக்கும். கால் குளிர்ந்த பிறகுதான் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

‘ஃபயர் பஞ்ச்’சில் இல்லாதது அந்தப் பால்குழிதான். அக்னி உடம்புத் தீயைக்கூட ஒருவழியாகச் சமாளிக்கிறான். மனசில் எரிவதற்கு இறங்க இடமில்லை. டோமாவுக்காக உட்கார்ந்து அழவும் அந்த உலகத்தில் நேரமில்லை. கடைசி அத்தியாயத்தில் ஒரு குளிர்ச்சி வரத்தான் செய்கிறது. (முடிவை முன்கூட்டித் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் அடுத்த பாராவுக்குத் தாவவும்.) ஆனால் அதற்குள் யுகயுகமாகக் காலம் ஓடி, பூமியே போய்விடுகிறது! அவ்வளவு காத்திருக்க எந்த வில்லியனூர்க்காரராலும் முடியாது.

அதனால் என் தீர்ப்பு: தம்பி சொல்வது போல அது பொய் சொல்லாத புத்தகம். அண்ணன் சொல்வது போல அது காலைச் சுடுகிற புத்தகம். இரண்டும் சரி. படிக்கத் துணிந்தால் முழுக்கப் படியுங்கள். பாதியில் நிறுத்தினால் தணலில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். வீட்டில் குழந்தைகள் இருந்தால், அண்ணன் போலப் பரணில் பூட்டி வைத்துப் படியுங்கள்.

இதையெல்லாம் வீட்டு வாசலில் நின்று சொல்லிவிட்டு, “மீதி மூணு புஸ்தகம் எங்கிட்ட இருக்குண்ணே, தரட்டுமா?” என்றேன்.

அண்ணன் அதற்குப் பதில் சொல்லவில்லை. “சித்தி இன்னும் அந்த வீட்லதான் இருக்காங்க” என்றார். உள்ளே போய்விட்டார்.

இந்த ஞாயிறு டீக்கடைக்கு அவர் வரவில்லை. போன் போட்டேன். பின்னாலிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது.

“அப்புறம் பேசறேன் பா. சித்தி வீட்டு ஓடு ஒழுகுதாம். ஆளு வெச்சு மாத்திக்கிட்டிருக்கேன்” என்றார்.

மீதி மூன்று புத்தகமும் என்னிடமே கிடக்கின்றன. தம்பிதான் தினமும் திருப்பிக் கேட்கிறான். தரமாட்டேன். வடைக்கான பாக்கி தீரும் வரை.